வேரோடு ஒரு முடி

— பேப்பர் தப்புன்னு எத்தனை தடவம்மா சொல்லுவீங்க? இந்த லேப்ல நானே ரெண்டு தடவ ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட டிஎன்ஏ ரிசல்ட் அது. உங்க பாப்பாவுக்கு உங்க வீட்டுக்காரர் அப்பா இல்ல.

— அவரத் தவிர என்னை யாரும் தொட்டதில்ல மேடம். சத்தியமா.

— சத்தியம் வாங்க இங்க தனி கவுண்டரே திறக்கலாம். அவ்வளவு வருது.

— சிரிச்சுக்கோங்க. 'தகப்பன் இவருக்கு நெருங்கின ரத்த உறவா இருக்கலாம்'னு கடைசியில ஒரு வரி போட்டீங்களே, அதப் படிச்சுட்டு நேரா போய்த் தன்னோட தம்பி சட்டையப் பிடிச்சார். அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்த பேசல. உசிரக் கொடுத்துக் காப்பாத்தின தம்பி மேடம்!

— அப்படி என்ன கொடுத்தார்?

— எலும்பு மஜ்ஜை. கல்யாணத்துக்கு முன்னாடி இவருக்கு ரத்தப் புற்றுநோய். பொழச்சாலும் குழந்தை பிறக்கிறது கஷ்டம்னு அப்பவே டாக்டர் சொன்னாராம். பாப்பா வந்ததும் அதுதான் மனசுல அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

— இருங்க, இருங்க. மஜ்ஜை மாத்தினவரா? அட, ரத்தம் ஊறறதே மஜ்ஜையிலதானே, அவர் உடம்புல ஓடறது தம்பியோட ரத்தம்மா! நாங்க எடுத்ததும் ரத்தம்தான். அத வெச்சுப் பார்த்தா பெத்த அப்பாகூடச் சித்தப்பாவாத்தான் தெரிவார்.

— அப்போ நான் சொன்னது...

— நிஜமாவே இருக்கும்மா. ஆனா ஃபாரத்துல கேட்டிருக்கோமே, மஜ்ஜை மாத்தினதுண்டான்னு. 'இல்லை'ன்னு எழுதி வெச்சிருக்காரே மனுஷன்!

— அவர் எழுதல. நான்தான்.

— நீங்களா? ஏம்மா?

— வேலை, லோன், காப்பீடுன்னு எந்த ஃபாரம் வந்தாலும் அவர் நோய மறைச்சே பழகின கை மேடம். இல்ல, இல்ல, இல்லன்னு டிக் போட்டுக்கிட்டே போனேன். அவரும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தார்.

— சரி, அழாதீங்க. முடியோட வேர்ல அவரோட சொந்த அடையாளம்தான் இருக்கும். நாலு முடி வேரோட கிடைச்சாப் போதும், சீப்புல சிக்கினதுகூடப் பார்க்கலாம். பத்தே நாள். வேற பேப்பர் தர்றேன், கொண்டுபோய் அவர் கையில கொடுங்க.

— சீப்புல முடி இருக்கு மேடம். அவர அடக்கம் பண்ணித்தான் எட்டு நாளாச்சு.