பல் தடம் இல்லாத கிட்டார்

வைஷ்ணவி, புதுத் தந்தி போட்டால் ஒரு வாரத்துக்கு எல்லாக் கிட்டாரும் நல்ல கிட்டார்தான். அறந்தாங்கியில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இதை வெளியே சொல்வதில்லை, பிழைப்பு கெட்டுவிடும்.

நேற்று நீ உன் அப்பாவின் கிட்டாரோடு கடைக்கு வந்தாய். அவர் இனி தனக்கு எதற்கென்று உன்னிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். பிறகு அதைத் திருப்பிக் காட்டி, "மாமா, சின்னப் பிள்ளையில நான் கடிச்ச பல் தடம் எங்க?" என்று கேட்டாய். வார்னிஷ் அடித்ததில் மறைந்திருக்கும் என்றேன். நான் வார்னிஷ் அடிக்கவே இல்லை. நேரில் சொல்ல முகமில்லாததால் எழுதுகிறேன்.

பெலிக்ஸ் அண்ணனின் கிட்டார், உன் தாத்தா கப்பலில் வேலை பார்த்தபோது பினாங்கில் வாங்கியது. அறுபது வயது மரம், வயது ஏற ஏற நாதம் கூடும். அதே மாடலை அந்தக் கம்பெனி இப்போது மறுபடியும் செய்கிறது. அதே வடிவம், அதே நிறம், ஓரத்தில் அதே பழுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெரு நிஜாம் துபாயிலிருந்து மகனுக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பையன் தொடக்கூட இல்லை, அதனால் என்னிடம் விற்றுவிட்டார். அதே வாரம் உன் அப்பா, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டை பெயர்ந்ததை ஒட்டுவதற்காகத் தன் கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பழையதன் உள்ளே ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டை ஆவி காட்டி உரித்துப் புதியதில் ஒட்டினேன். தந்தி முறுக்கும் சாவிகளை மாற்றினேன். பெல்ட் பக்கிள் கீறிய கோடுகளை அப்படியே கீறினேன். மூன்று நாள் ஆனது. இவ்வளவு பொறுமையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

புதியதை உன் அப்பாவிடம் கொடுக்கும் முன் ஒரு சோதனை வைத்தேன். என் மனைவி ரம்யாவைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றித் தந்தியை இழுக்கச் சொன்னேன். பத்தில் ஏழு தடவை தப்பாகச் சொன்னேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கே தெரியாதது வேறு யாருக்குத் தெரிந்துவிடும் என்று நிம்மதிதான் அடைந்தேன்.

உன் அப்பா ஒரே ஒரு தடவை விரலை ஓட்டினார். "வசந்தா, இது என் கிட்டாரு இல்லப்பா. அது வயித்துலருந்து பேசும். இது வாயிலருந்து பேசுது."

பசை காயவில்லை என்று அனுப்பிவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. ஊரில் காது என்றால் அது பெலிக்ஸ் காதுதான். நான் சுருதி சேர்த்த ஆர்மோனியத்தைக்கூட அவரிடம் காட்டிவிட்டுத்தான் எடுத்துப் போவார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தபோது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கிட்டாரு அதேதான். ஒங்க காதைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டிக்கங்க" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படத் தெரியாதவர். தஞ்சாவூருக்குப் போய்க் காட்டினார், டாக்டர் மிஷின் வைத்துப் பார்த்துக் காதில் குறை இல்லை என்றார். "மிஷின் சத்தத்தைத்தாண்ணே அளக்கும், நாதத்தை அளக்குமா" என்றேன். அந்த வாக்கியம் எனக்கு அப்போது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மாதா கோயில் பாடகர் குழுவை விட்டார். தன் காதை நம்பாமல் ஆர்மோனியங்களைத் திருப்பி அனுப்பினார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்தினார். வீடு நடக்க வேண்டுமே என்று ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில், கம்ப்ரசர் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த இரைச்சல் வேண்டாம் என்று நீ தடுத்தபோது, "கெட்ட காதைச் சத்தம் என்னத்தா செஞ்சுரும்" என்றாராம். என் கடையில் உட்கார்ந்துதான் அதைச் சொல்லி அழுதாய். உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று பழைய கிட்டாரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஜெகதாப்பட்டினத்துக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ காலேஜுக்குப் போயிருந்தாய். நான் பேசியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு கிட்டாரையும் அவர் மடியில் வைத்தேன். மாற்றி மாற்றி வாசித்தார், தாடையை மரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் வசந்தா. அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. நாந்தான் ஒன்னையச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதப்பா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார், வைஷ்ணவி. கூசிப்போனேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல், பழையதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கிட்டாரைத் திருடியவன் நான். உன் அப்பாவின் காதைக் கெடுத்தவனும் நான். எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கிட்டார் என் வீட்டு உள்ளறையில்தான் இருக்கிறது, கழுத்துக்குப் பின்னால் உன் நான்கு பற்களின் தடத்தோடு. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள். மழைக்காலம் முடிந்து வந்தால் நல்லது. உங்கள் ஊரில் மரத்தைத் தின்னும் உப்புக்காற்று, உங்களுக்கு அதைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது.