நேட்டால்காரரின் மனைவி

காட்பாடியிலிருந்து ஆம்பூர் போகிற ரயிலில், பெண்கள் பெட்டி. எதிர்ப் பலகையில் இருந்த இளம்பெண் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“என் புருசனுக்கு நான்தான் பொண்டாட்டியான்னு சர்க்காருக்குச் சந்தேகம்க்கா.”

“இன்னாம்மா சொல்றே?”

“தென்னாப்பிரிக்காவுல, நேட்டால்ல இருக்கிற அண்ணனைப் பாக்க மூணு மாசப் பர்மிட்டுல கப்பல் ஏறினேன். அங்கயே கல்யாணமாகி ரெண்டு வருசம் இருந்துட்டேன். புடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. இனிமே பொண்டாட்டின்னு மனு போட்டாத்தான் போவ முடியும். அதான் வேலூர் ஆபீசுக்குப் போய்ட்டு வர்றேன்.”

“இன்னா கேட்டாங்க?”

“கல்யாணத்தைப் பார்த்த சாட்சி ரெண்டு பேர் இந்த ஜில்லாவுல வேணுமாம். கடலுக்கு அந்தாண்ட கட்டின தாலியை எங்க ஊரு விரிஞ்சிபுரத்துல யாரு பார்த்தாங்க? அவருக்கு வேற சம்சாரம் உண்டான்னாரு குமாஸ்தா. தோல் பதனிடுற மனுசன், அந்த நாத்தத்துக்குப் பக்கத்துல வந்தவ நான் ஒருத்திதான்னேன்.”

அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தாள்.

“மூணு மாசத்துக்கு மேல ஏன் தங்கினேன்னாரு. மூணு மாசத்துக்குன்னு யாரும் தாலி கட்றதில்லீங்கன்னேன். மகராசன், அதையும் எழுதிக்கிட்டாரு.”

“மனுவை வாங்கினாங்களா?”

“அங்க தாலி எடுத்துக் குடுத்த கோயில் ஐயரு எழுதின கடுதாசியைக் காட்டினப்புறம் வாங்கினாங்க. மனு கப்பல்ல போய், பதிலும் கப்பல்லதான் வரணும். என் பொண்ணு அங்க பொறந்தவ, அவ தாராளமா இருக்கலாமாம். ஒரு வயசுதான். அண்ணிகிட்ட விட்டுட்டு வந்தேன்.”

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

“பதில் சீக்கிரம் வந்துட்டா நல்லதுக்கா. நான் போய் நிக்கறப்போ, இது யாருன்னு அவ அண்ணியைக் கேக்கக் கூடாது பாருங்க.”