எவரட் ஐயா யாரையும் தாக்கவில்லை

என் பெயர் தவராசா நிரூபன். வயது முப்பத்தொன்று. இலண்டன் செவன் கிங்ஸில் அக்கா சுசிலா வீட்டில் வசிக்கிறேன். எனது அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. எவரட் பெனட் என்பவரின் மரண விசாரணைக்காக, மொழிபெயர்ப்பாளர் பியற்றிஸ் முன்னிலையில் தமிழில் சொல்லி எழுதுவிக்கிறேன்.

எவரட் பெனட் ஜமேக்காவில் பிறந்தவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கறுப்பினப் பொடியன்களைப் பொலிஸார் காரணமில்லாமல் மறிப்பதை எதிர்த்து முப்பது வருடம் போராடியவர். பொலிஸ் மறித்தால் எதைக் கேட்கலாம், எதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் எல்லாருக்கும் சொல்லித் தருவார். அங்கே போகும் தமிழர்கள் நாங்கள் அவரை எவரட் ஐயா என்போம். அதில் அவருக்குப் பெரிய புளுகமும் பெருமையும், வெள்ளைக்காரரிடமும் தன் பெயர் 'எவரட் ஐயா' என்றே சொல்லுவார்.

2003 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டம் முடிந்து நானும் ஐயாவும் அவருடைய காரில் வந்துகொண்டிருந்தோம். வழியில் பொலிஸ் வாகனம் ஒன்று மறித்தது. கார் நின்றதும் நான் சட்டென்று இறங்கி, கோட்டுக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை. இலங்கையில், வவுனியாவில் இராணுவச் சோதனைச் சாவடியில் அப்படித்தான் நடப்போம், நடக்காதவன் துப்பாக்கிச் சூடு வாங்குவான். இங்கே அது தேவையில்லை என்று ஐயா எத்தனையோ தரம் சொல்லியும் என் உடம்புக்கு ஏறவில்லை. என் கையில் ஏதோ இருக்கிறது என்று பொலிஸார் கத்தினார்கள். நான் அப்படியே விறைத்து நின்றேன்.

அதன் பின்னர் ஐயா இறங்கி எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்தார். "அது அவனுடைய அட்டை" என்று அவர்களிடம் சொன்னார். "நீ ஒரு குற்றமும் செய்யவில்லை, மகன்" என்று என்னிடம் சொல்லி, என் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். அதன் பின்னர் மூன்று பொலிஸார் அவரைப் பின்னாலிருந்து இழுத்துக் குப்புற விழுத்தினார்கள், ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றினார். ஐயா தலையைத் திருப்பி, அந்தப் பொலிஸ்காரரின் தோளிலிருந்த இலக்கத்தை எனக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தார். கடைசி எண்ணை அவர் சொல்லவில்லை. அம்புலன்ஸ் வரும்போது உயிர் இல்லை.

அவர் தாக்க வந்தார் என்று பொலிஸார் எழுதியிருப்பதாக அறிகிறேன். அது பச்சைப் பொய். நான் காருக்குள் இருந்திருந்தால் அவரும் இறங்கியிருக்க மாட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"தம்பி, உன்ர கேஸ் முடியேல்லை. ஒண்டும் பாக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு வா" என்று அக்கா அழுதாள். அவளில் பிழை இல்லை, திருப்பி அனுப்பினால் எனக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெயரை மறைத்தும் சாட்சி சொல்லலாம் என்று சட்டத்தரணி சொன்னார். பெயரில்லாதவன் சொன்னதைப் பொலிஸார் சுலபமாகத் தட்டிவிடுவார்கள் என்பதால் நான் அதற்குச் சம்மதிக்கவில்லை.

அன்றைக்கு எவரட் ஐயா என் கைகளைத் தவிர வேறு எவர்மீதும் கை வைக்கவில்லை. அன்று நடந்ததாக இதில் உள்ளவை யாவும் நான் என் கண்ணால் கண்டவை. வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று கண்டு, முழுப்பெயரில் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) தவராசா நிரூபன்