வானம் பாத்த டப்பா

...அதத்தான் சார் நானும் சொல்றேன்! காலைல எந்திரிச்சதுலேருந்து ஒரே பாட்டு. "இந்திராணி, என் கிளாஸ் பொண்ணு கீர்த்திக்கு வாய்மொழித் தேர்வு வைக்க சென்னைலேருந்து பெரியவரு வர்றாரு. நம்ம வூட்லதான் நாஷ்டா. இட்லி குடு, காபி குடு, வாய மட்டும் தொறக்காத." கேட்டீங்களா? கட்டின பொண்டாட்டியாண்ட சொல்ற பேச்சா இது? சரி போன்னு நானும் வாய மூடிக்கினேன். உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்.

இன்னும் ரெண்டு வெச்சுக்கங்க. அட, வெச்சுக்கங்க சார்! உத்திரமேரூர் வரைக்கும் பஸ்ல குலுங்கிக்கினு வந்துட்டு ரெண்டு இட்லியோட எந்திரிச்சா எப்படி? காலேஜ் வண்டி வர இன்னும் நேரம் கீது. எங்க வூட்டுக்காரரு முன்னாடியே போயிட்டாரு. ரூம்ல ஃபேன் ஓடுதான்னு பாக்கணுமாம்... ஃபேனாம் ஃபேன்! அந்தப் பொண்ணாண்ட கடைசியா ஒரு தபா கெஞ்சிப் பாக்கப் போயிருக்காரு. எனக்குத் தெரியாதா இன்னா?

நீங்களே சொல்லுங்க... நீங்களும் இதே பாடம் நடத்துறவருதானே? உங்க வூட்டம்மா எப்படி சமாளிக்கறாங்க? இந்த மனுஷன் காலேஜுல நடத்துறது போதாதுன்னு வூட்டுக்கு வந்தும் நடத்துவாரு சார். கொரோனா டைம்ல நெத்தில காட்டி ஜொரம் பாத்தாங்களே, அந்த மாதிரி துப்பாக்கி ஒண்ணு வெச்சிருக்காரு. இன்னும் பெருசு. தோசக்கல்ல சுடுவாரு, பூனைய சுடுவாரு, வாசல்ல காயற புளிய சுடுவாரு. ஒரு நாள் என் மேலயே காட்டுனாரு. "இந்திராணி, சூடு இருக்கற எந்தப் பொருளும் கதிர் வீசிக்கினே இருக்கும். நீயும் ராவும் பகலும் வீசிக்கினேதான் கீற. கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்" அப்படின்றாரு. கல்யாணம் ஆனதுலேருந்து என்னைப் பத்தி அவரு வாய்லேருந்து வந்த நல்ல வார்த்த அது ஒண்ணுதான் சார்! நான் உள்ள போய் கண்ணாடில பாத்தேன். ஒண்ணியும் தெரியல.

பேப்பர் திருத்தற அன்னிக்கு எங்க வூடு எழவு வூடுதான். "வருஷம் பூரா தொண்டை கிழிய கத்துனேன். பூமி சூட்ட மேல வீசுது, காத்துல கீற நீராவியும் கரியமில வாயுவும் அத வாங்கிக்கினு கீழயும் திருப்பி வீசுது, அதனாலதான் நாம வெறச்சிப் போகாம கீறோம், அது அதிகமானா சூடும் அதிகமாவுதுன்னு. இவன் பாரு, ஓசோன்ல ஓட்டை, அது வழியா சூடு உள்ள வருதுன்னு எழுதி வெச்சிருக்கான்!" தலைல அடிச்சுக்குவாரு. நான் காபிய வெச்சுட்டு, "ஓட்டைய அடைச்சுட்டா சரியாயிடும்ல?"ன்னு கேட்டேன். அன்னிக்கு ராத்திரி சாப்பிடல மனுஷன்.

சட்னி போடட்டா? காரமா கீதா? சரி சரி.

அத வுடுங்க. கீர்த்திக்கு வரேன். மாகறல் பொண்ணு சார். அதோட நைனா அடுத்தவங்க நெலத்துல ஏர் ஓட்றவரு. இவரு கிளாஸ்ல ஓசோன்ல ஓட்டைன்னு எழுதாத பொண்ணு அது ஒண்ணுதான். அவருக்கு அது மேல உசுரு. வெளிய காட்டிக்க மாட்டாரு. பூனாவுல மேல படிக்க எடம் கெடச்சிருக்கு அதுக்கு. இந்த வருஷம் பாஸ் பண்ணா எடம் உண்டு, இல்லாட்டிப் போச்சு. நீங்க இன்னிக்குப் போடற கையெழுத்துதான் சார் எல்லாம்!

அது பண்ண வேலை என்னன்னா... உங்களுக்குத் தெரியும், பேப்பர் அனுப்பியிருப்பாங்க. இருந்தாலும் நான் சொல்றேன். ராவுல வானம் எவ்ளோ சூட்ட கீழ அனுப்புதுன்னு அளக்கற டப்பா. அதுவே கட்டுச்சு, ஒயரு, பேட்டரி எல்லாம். காலேஜ் மாடிய வாட்ச்மேன் சாயங்காலமே பூட்டிடுவான். அதுக்கோசரம் எங்க மாடில வெச்சாங்க. டப்பா பாட்டுக்கு வானத்த பாத்துக்கினு தானா எழுதிக்கும். கீர்த்தி வாரத்துக்கு ஒரு நாள் மதியத்துல வந்து, அதுல கீற கணக்க எடுத்துக்கினு, பொழுது சாயறதுக்கு முன்னாடி மாகறல் பஸ்ஸ புடிச்சிடும்.

மேகம் மூடுன ராத்திரின்னா மேகமும் சூட்ட கீழ வீசுமாம், கணக்க படமா வரைஞ்சா கோடு மேல நிக்கணுமாம். வானம் தெளிஞ்சிருந்தா கோடு கீழ இறங்கணுமாம். சரியா சார்? ஆங்... இந்த டப்பா இன்னா பண்ணுச்சு தெரியுமா? பகல்ல ஒழுங்கா காட்டுது. ராவானா கோடு மேலயே நிக்குது! மார்கழி போச்சு, தை போச்சு. வானம் பூரா நட்சத்திரம், காலைல மாடித் தரை பூரா பனில நனைஞ்சிருக்கு, டப்பா மட்டும் மேகம் மேகம்னுது.

இவரு மொதல்ல பெரிய ஏரி மேல பழிய போட்டாரு. ஏரித் தண்ணி ஆவி மேல நின்னுக்கினு வேலைய காட்டுதாம். அப்பால ஒயர மாத்துனாங்க, பேட்டரிய மாத்துனாங்க. எல்லாம் பகல்ல. முட்டி வலி சார் அவருக்கு, பொழுது சாஞ்சா மாடிப்படி ஏற மாட்டாரு. கடைசில "டப்பா ரிப்பேரு, அதனால அளவு தப்புன்னு எழுதிடு, நான் பாஸ் பண்ணி வுட்டுடறேன்"னாரு. நல்லதுக்குத்தானே சொன்னாரு? அந்தப் பொண்ணு மாட்டேன்னு தலைய ஆட்டிருச்சு! "டப்பா நல்லா கீது சார். ஏன் இப்படி காட்டுதுன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னுதான் எழுதுவேன்"னுச்சு. இவருக்கு வந்துச்சே கோவம்! தெரியலன்னு எழுதுனா வர்றவரு ஃபெயில் போடுவாரு, பூனா எடம் போச்சுன்னு கத்துனாரு. அது நேரா என் சமையக்கட்டுக்கு வந்து குந்திக்கினு அழுதுச்சு சார். தோச சுட்டுக் குடுத்தேன். அழுதுக்கினே நாலு துன்னுச்சு.

அந்தப் பொண்ணு புடிவாதத்துக்கு ஒரு காரணம் கீது பாருங்க. நடுவுல ஒரே ஒரு ராத்திரி கோடு கீழ இறங்கியிருக்கு, புத்தகத்துல கீற மாதிரியே. "டப்பா கெட்டிருந்தா அன்னிக்கு மட்டும் எப்படி சார் சரியா காட்டும்?"னு கேக்குது. இவரு மறுபடியும் ஏரியத்தான் திட்டுனாரு. எனக்கு அந்த ராத்திரி ஏன் ஞாபகம்னா, அன்னிக்குத்தான் எங்க தம்பி பொண்டாட்டிக்கு வளைகாப்பு. பிள்ளையார்பாளையம் போய் ராத்தங்கிட்டேன். பட்டுப் பொடவ எடுத்துக் குடுத்தும் மூஞ்ச தூக்கி வெச்சுக்கினா அவ... அது வேற கதை. பாருங்க, நான் ஊர்ல இல்லாத அன்னிக்குத்தான் வானம் கூட ஒழுங்கா நடந்துக்குது!

இத்தனைக்கும் அந்த டப்பாவ நான் பாத்துக்கற மாதிரி அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கல சார். வெச்ச அன்னிக்கே இவரு பொலம்புனாரு, "அது மூஞ்சில பனி இறங்குனா அளவு கெட்டுடும்"னு. பொலம்பிட்டு தூங்கப் போயிட்டாரு. நான் வுடுவேனா? வடகமானா என்ன, ஊறுகா ஜாடியானா என்ன, பொழுது சாஞ்சா மாடில ஒண்ணியும் தொறந்து போட மாட்டேன். துணி எடுக்கப் போறப்ப இதையும் கையோட மூடிட்டு வந்துடுவேன். காலைல கோலம் போட்டுட்டு மேல போய் எடுத்துடுவேன். ஒரு துளி பனி பட்டதில்ல இன்னி வரைக்கும்!

எதாலயா? கூடைலதான் சார். நெல்லு அள்ற கூடை, சாணி போட்டு மெழுகுனது. கவுத்தா கரெக்டா உக்காந்துக்கும்.

இன்னா சார் இட்லிய அப்படியே வெச்சிட்டீங்க? ...தினமுமா? தினமும்தான். வளைகாப்புக்குப் போன அன்னிக்கு மட்டும்தான் மூட ஆளில்ல...

சார்! சார், எங்க போறீங்க? கை கழுவலியே! அது மாடிப்படி சார், குழாய் பின்னாடி கீது... அட இருங்க, செருப்பு போட்டுக்கங்க, மேல தரை ஈரம்... தோ வரேன். நான் கூட முட்டி வலின்னு சொல்லலாம், யாரு கேக்கறா?

அதான் சார் கூடை. செவுத்துல சாஞ்சிக்கினு கீதே. ...கவுக்கவா? இப்படித்தான். ...என்ன சார் சிரிக்கறீங்க? அடிப்பக்கத்த பாக்குதா? யாரு, டப்பாவா? ராவெல்லாம் வானத்த பாக்காம கூடையவே பாத்துக்கினு... ஆனா கூடை சூடா இல்லியே சார். அதுல அடுப்பா எரியுது? கூடை எப்படி...

இருங்க. இருங்க சார். எந்தப் பொருளும் வீசும்னாரே. என்னையே வீசறேன்னாரே. அப்ப கூடை வீசாதா?

அய்யய்யோ.

அய்யய்யோ, நானா சார்? ஏரி இல்ல, ஒயரு இல்ல... நானா! அந்தப் பொண்ணு கீழ அழுதுக்கினு குந்தியிருந்துச்சு, நான் கண்ணத் தொடச்சு வுட்டுட்டு, அதே கையால மேல வந்து கூடைய கவுத்தேன் சார். அப்ப டப்பா பொய்யே சொல்லல. என் கூடைய அளந்து கரெக்டா எழுதியிருக்கு. அது கட்டுனது அத்தனையும் சரி. தெரியலன்னு எழுதுறேன்னுச்சே, அதுவும் சரி. இவரு பேச்சக் கேட்டு ரிப்பேருன்னு எழுதி வெச்சிருந்தா, கடைசி வரைக்கும் யாருக்குமே தெரிஞ்சிருக்காதே!

கீர்த்திக்கு இன்னா போடுவீங்க சார்? ...பாஸ்தானே? ஃபெயில் போட மாட்டீங்களே? ...அத கேள்வி கேட்டுப் பாக்கணுமா? கேளுங்க, நல்லா கேளுங்க, அது டக்கு டக்குன்னு சொல்லும். ஆனா கூடை விஷயத்த யாரு சொல்றது? நீங்களா? நல்லா கீதே! நான் கவுத்த கூடை, நான்தான் சொல்வேன்.

தோ, ஹாரன்! வண்டி வந்துட்டுது. நீங்க கை கழுவுங்க சார், நான் கதவப் பூட்டறேன். பொடவ மாத்தணுமா? வேணாம், இதுவே போதும். கூடைய நான் மடில வெச்சுக்கறேன், உங்க பேண்ட்ல ஒட்டும். ...அவரு திட்டுவாருதான். வாய தொறக்காதன்னு சொன்னவரு முன்னாடியே போய் தொறக்கப் போறேன், திட்டாம இன்னா பண்ணுவாரு? திட்டட்டும். அந்தப் பொண்ணு கேக்கணும் சார், அது காதுல வுழணும்.

டிரைவர் தம்பி, கொஞ்சம் வெரசா ஓட்டுப்பா. நீ கூட கேளு, இன்னா நடந்துச்சுன்னா...