கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன்

ஆடிக் கிருத்திகை வந்தா எங்க கடையில மத்தியானத்துக்குள்ள பால் தீர்ந்து போயிடுங்க. மலையடிவாரக் கடை ஆச்சே. காவடி எடுத்தவனும் டீ கேப்பான், வேடிக்கை பார்க்க வந்தவனும் டீ கேப்பான்.

சிங்காரத்தைப் பத்திக் கேட்டீங்க இல்லீங்களா இன்ஸ்பெக்டர் ஐயா. அவன் அம்மையார்குப்பத்துல விசைத்தறி ஓட்டறவன். துணி மூட்டையைத் திருத்தணிக்குக் கொண்டாரும்போதெல்லாம் என் கடையிலதான் டீ குடிப்பான். ரெண்டு வருஷம் முன்னாடி கடை எதிர்ல லாரி மோதி ஒரு பெரியவர் செத்துட்டாரு. லாரி கண்ணுமண்ணு தெரியாம வந்ததை என் கண்ணால பார்த்தேன்னு அங்க வந்த போலீஸ்கிட்ட சொன்னேன். சிங்காரம் கூட்டத்துல நின்னுகினு, "அண்ணா, நீ அப்ப உள்ள பால் காய்ச்சிகினு இருந்தியே"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க.

சத்தம் கேட்டேன் ஐயா. கேட்டா பார்த்த மாதிரிதானே?

அன்னியிலிருந்து நான் வாயைத் திறந்தாலே, "கஜபதி சொன்னானா? அப்ப பாதி தண்ணி"ன்னுவாங்க. என் பொண்ணைப் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்தவங்க காதுக்கும் அது போச்சு. வந்த வழியே திரும்பிட்டாங்க. அப்பதான் எனக்கு விளங்குச்சு. நடந்தது அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கும். ஊர் எதை நினைக்குதோ அதான் நிஜம். இதைக் கத்துக் குடுத்தவனே சிங்காரம்தான். அவன் எல்லாத்தையும் மறந்துட்டு எப்பவும் போல சிரிச்சுப் பேசுவான். அதைத்தான் என்னால தாங்க முடியல.

கிருத்திகை அன்னிக்கு ஒரு பொண்ணுக் குழந்தையைக் கையில பிடிச்சுகினு வந்தான். குழந்தை தெலுங்குல அழுதுகினு இருந்துது.

"அண்ணா, அம்மாவைத் தொலைச்சிட்டு நின்னுகினு இருந்துது. இங்க இருக்கட்டும். போலீஸ் கொட்டாய்ல மைக்குல சொல்லச் சொல்லிட்டு ஓடியாந்துடறேன்."

"ஆங், விட்டுட்டுப் போ"ன்னேன்.

பன்னு குடுத்தேன். உள் ரூம்ல பாய் விரிச்சுப் படுக்க வெச்சேன். பாவம், அழுத களைப்பு, உடனே தூங்கிடுச்சு. கொஞ்ச நேரம் விசிறிகூட விட்டேன்.

காவடிக் கூட்டத்துல சிக்கி சிங்காரம் இன்னும் கண்ணுக்கெட்டற தூரத்துலதான் போய்கினு இருந்தான், தாய்க்காரி இந்தப் பக்கம் வந்தாங்க. நகரிப் பக்கத்து அம்மா, தேவகின்னு பேரு. தலை அவுந்து கிடந்துது. பச்சைப் பாவாடை கட்டின பொண்ணைப் பார்த்தீங்களான்னு தெலுங்குல கேட்டாங்க. நானும் தெலுங்குலயே சொன்னேன்: "ஒருத்தன் கையைப் பிடிச்சுக் கூட்டிகினு வந்தாம்மா. கோடு போட்ட சட்டை. அதோ போறான் பாருங்க."

இதுல ஒரு வார்த்தை பொய் உண்டுங்களா?

மீதியை மத்தவங்க சொன்னாங்க. குழந்தை வாயைப் பொத்தி இழுத்துகினு போனதைப் பார்த்தேன்னு ஒருத்தன் சொன்னான். போன வருஷமும் இவன் இங்கதான் சுத்திகினு இருந்தான்னு பூக்கடை ரத்தினம்மாள் சொல்லிச்சு. பிள்ளை பிடிக்கிறவன்னு யார் முதல்ல கத்தினதுன்னு தெரியாது. அவங்களையும் பொய்யருங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்கவங்க கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சுது. என் பேச்சை யாரும் பாதி தண்ணின்னு சொல்லலை. ரெண்டு வருஷத்துல அதான் முதல் தடவை.

கொட்டாய்க்குப் போய்ச் சேரறதுக்குள்ள அவனைப் பிடிச்சுட்டாங்க. என் கடை வாசலுக்கே இழுத்துகினு வந்தாங்க. முதல்ல செருப்பால அடிச்சது அந்த அம்மாதான். அப்புறம் கட்டை, கல்லு, கையில கிடைச்சதெல்லாம்.

"குழந்தை கஜபதியண்ணா கடையிலதான் இருக்குது, அவரைக் கேளுங்க"ன்னு கத்தினான். மூணு நாலு பேரு வந்து கேட்டாங்க.

"அவன் சொல்றதை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்"ன்னேன்.

அவங்க நம்பலை.

குழந்தை அப்ப தூங்கலைன்னு உங்ககிட்ட சொல்லியிருக்குது. வாஸ்தவம்தாங்க. சிங்காரத்துக்குப் பேச்சு மூச்சு இருக்கும்போதே முழிச்சுடுச்சு. உள்ளே இருந்து கதவைத் தட்டுச்சு. நான் போய்த் தாழ்ப்பாள் போட்டேன், ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வெச்சேன். எல்லாம் அடங்கினதும் கொண்டுபோய்த் தாய்கிட்ட ஒப்படைச்சதும் நான்தான். அதையும் எழுதிக்குங்க.

அம்மா, அம்மான்னு கூப்பிட்டுது, எனக்குக் கேட்டுது, இல்லைங்கலை. அன்னிக்கு மலையடிவாரத்துல எத்தனை அம்மா இருந்திருப்பாங்க? அது யாரைக் கூப்பிட்டுதுன்னு நான் எப்படிங்க உறுதியா சொல்றது?