ஏழாம் கோட்டையின் கதவு

— அழி உத்தமா. அந்தப் பத்தியை மொதல்ல அழி.

— ச்சே! நீலாக்கா, கீபோர்டுலேர்ந்து கையை எடு, ஏதாவது அமுங்கிடப்...

— அமுங்கட்டும். "கதவுக்காரன் கல்நெஞ்சன். ஏழு கப்பல்கள் கதறியும் கதவைத் திறவாமல் நின்றான்." இதைப் படிச்சுட்டு நான் சும்மா இருக்கணுமா?

— கேம்னா எதிரி வேணும். எதிரின்னா கோட்டை வேணும். கோட்டைன்னா அதுக்கொரு கதை வேணும். அதைத்தானே எழுதியிருக்கேன்?

— கதை எழுதினியா, அப்பாவை எழுதினியா?

— மெதுவா பேசு!

— குளிக்கப் போயிருக்கார். வாளிச் சத்தம் கேக்குதில்ல? சொல்லு, இது அப்பாதானே?

— ...பதினோரு மணிக்கு ஆபீஸ் வண்டி வருதுக்கா. சிடியைக் குடுத்து அனுப்பணும். ரெண்டு வருஷ வேலை. இன்னும் முக்கால் மணிதான் இருக்கு.

— முக்கால் மணி நேரத்துல ஒரு மனுஷனை உலகம் பூரா கொலைகாரன்னு தண்டோரா போடப் போறே. அதுவும் வர்ற மாசம் கடைக்கு வந்தா, மொத ஆளா அவர்தான் வாங்கிப் பாப்பார். "எம் பையன் செஞ்சது"ன்னு லேக் மார்க்கெட் இட்லிக் கடை வரைக்கும் சொல்லி வெச்சிருக்கார் மனுஷன்.

— உனக்கென்ன, நீ அப்போ பெரிய பொண்ணு. நான் மூணாம் கிளாஸ். ஸ்கூல்ல என் பக்கத்துல ஒருத்தன் உக்கார மாட்டான். "ஓர் பாபா கேட் கோலே நி." இவன் அப்பன் கேட்டைத் திறக்கலையாம், படகுல வந்த ஏழு பேரும் செத்தாங்களாம். பதினாலு வருஷம் ஆச்சு, இன்னும் அந்தக் குரல் போகல. அதைக் கோட்டையில போட்டுப் பூட்டிட்டா போயிடும்னு நெனச்சேன். ஆச்சா?

— நானும்தான் கேட்டேன் அந்தக் குரலை. சரி, காட்டு உன் ஏழாம் கோட்டையை. இவ்வளவு தூரம் வந்தாச்சு.

— வேணாம், நீ அழுவே.

— காட்டுடா.

— இரு, லோடாகுது... இதோ. இது சனி கிரகத்துக்கும் அப்பால ஒரு நிலா. கறுப்பா இருக்குதே, அது மலையில்ல, சுவரு. நீ இந்தப் புள்ளி. உன் கப்பல்.

— இந்த எறும்பா?

— அதான் நீ. கிட்டப் போ. இன்னும் போ.

— அம்மாடி... உத்தமா, இது எங்கதான் முடியுது? அண்ணாந்து பாத்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கு.

— முடியாது. மேகமெல்லாம் அதோட இடுப்புக்குத்தான் வரும். நடுவுல ரெண்டு கதவு. ஒவ்வொரு கதவும் ஹவுரா பாலத்தை நட்டமா நிறுத்தின மாதிரி. அந்த இடுக்குல நீல வெளிச்சம் கசியுதா?

— கசியுது... எனக்குக் கண்ணு கூசுதுடா. யாரு கட்டினா இதை?

— யாருக்கும் தெரியாது. அவங்க பேரு கூட அழிஞ்சு போச்சு. காவலுக்கு ஒருத்தன் மட்டும் மிச்சம். சூரியன்லேர்ந்து நெருப்பலை வருதுன்னு தெரிஞ்சு, ஏழு கப்பல் அடைக்கலம் கேட்டு இந்தக் கதவுக்கு வந்துச்சு. அவன் மேல நின்னு பாத்தான். கதவைத் திறக்கற சக்கரத்துல கையை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னான். திறக்கல. அலை வந்துச்சு. அவ்வளவுதான். அதுக்குப் பழிவாங்க நீ வர்றே. கதவை உடைச்சா ஜெயிச்சே.

— மேல நிக்கறானே, அவன் கை ஏன் செக்கச்செவேல்னு?

— ரத்தக் கை. பாவம் பண்ணின கை.

— ம்... இரு. கொஞ்சம் இடது பக்கம் போ. கதவுக்கு முன்னாடி, சுவத்துல ரெண்டு பெரிய குழி தெரியுதே, அது என்ன?

— அது சும்மா. அப்பா கேட்டு வேலை பாத்த கப்பல் டாக்ல இருந்துச்சு, அப்படியே போட்டேன். வெளிக்கேட்டு நின்ன இடம்.

— வெளிக்கேட்டு எங்கே?

— அன்னிக்கு அது இல்லியே. ரிப்பேருக்குக் கழட்டிக் கொண்டுட்டுப் போயிருந்தாங்க. நான் தினம் ஸ்கூல் விட்டு அங்கதானே உக்காந்து படம் வரைவேன். அந்த மாசம் பூரா குழியில புறா குடியிருந்துச்சு.

— என்ன சொல்றே? நிஜமாவா?

— புறா முட்டையைக் கூட எண்ணியிருக்கேன். ஏன், என்னாச்சு?

— அந்த டாக்கையே மண்ணு போட்டு மூடிட்டாங்க. ஒரு படம் கூட இல்ல எங்கிட்ட. நான் இத்தனை வருஷமா, அப்பா வெளிக்கேட்டைத்தான் திறக்கலைன்னு... சரி, இதைச் சொல்லு. உன் கதவு ரெண்டும் நேரா சேரல, கூரையாட்டம் ஒரு முனையில சேருது. அந்த மூக்கு உள்ள பாத்திருக்கு. அது நீயா வெச்சதா, அங்க இருந்ததா?

— இருந்ததுதான். ஆத்துப் பக்கம் நின்னு பாத்தா கேட்டு உள்வாங்கித் தெரியும். மூக்கு டாக்குக்குள்ள. ஏன்க்கா, முகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— ரெண்டு உள்ளங்கையையும் கூரையாட்டம் சேத்து வை. விரல் நுனி என்னைப் பாத்து இருக்கட்டும். நான் நுனியில அமுக்கறேன். கை பிரியுதா?

— பிரியல. இன்னும் இறுகுது. ஆ, வலிக்குது!

— நான் தண்ணி. நீ கேட்டு. தண்ணி எந்தப் பக்கம் உசரமோ அந்தப் பக்கம்தான் மூக்கு இருக்கும். அஞ்சு வருஷமா நானும் கப்பலை ஏத்தி இறக்கற லாக் கேட்டுல வேலை பாக்கறேன், தெனம் பாக்கறதுதான். வெளிக்கேட்டு இருந்தா, ரெண்டுக்கும் நடுவுல தண்ணியை இறக்கி ஆத்து மட்டத்துக்குக் கொண்டாந்து, படகை உள்ள விட்டுக்கலாம். உள்கேட்டு மட்டும்தான் நின்னுதுன்னா...

— நின்னா?

— அந்தப் பக்கம் டாக் தளும்பத் தளும்ப. இந்தப் பக்கம் கங்கை. பான் அலை வர்றதுக்கு முன்னாடி கங்கை எப்படியிருக்கும்?

— வத்திக் கிடக்கும். சேறு தெரியும். அப்புறம்தானே கடல்லேர்ந்து அந்த அலை சுவராட்டம் ஏறி வரும்.

— உள்ளுக்கும் வெளிக்கும் மூணு ஆள் உசரம் வித்தியாசம்டா! அந்தப் படகு கேட்டுக்கு நேர் கீழ, சேத்தோரமா. ஏழு பேரு "கேட் கோலோ, கேட் கோலோ"ன்னு... உத்தமா, திறந்திருந்தா அவங்களைக் கொல்ல பான் வரவே வேண்டாம். டாக்கே அவங்க தலையில விழுந்திருக்கும். உள்ள நின்ன கப்பல் அத்தனையும் கயிறு அறுந்து பின்னாடியே வந்திருக்கும்.

— அப்ப... கேட்டு அவங்களைத் தடுக்கல.

— தடுக்கல. அவங்க மேல விழாம ஒரு கடலைத் தாங்கிட்டு நின்னுது.

— அக்கா, இந்த நீல வெளிச்சம்... நான் எதுக்கு இடுக்குல கசிய விட்டேன்னு எனக்கே தெரியாது. அழகுக்குன்னு நெனச்சேன். அது கேட்டு இடுக்குல ஒழுகற தண்ணி. அப்படித்தான் வெயில்ல நீலமா மின்னும்.

— உன் கோட்டையில அப்ப எதிரி இல்ல.

— இல்ல. ஒரு ஆளு, ஒரு கதவு, பின்னாடி... ஐயோ. பின்னாடி முழுக்கக் கடல். அதைக் கட்டினவங்க யாரையும் தடுக்கக் கட்டல. நகரு, நகரு, எழுதணும்!

— இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு.

— போதும். கதவை உடைச்சா வெற்றி முரசு வருதில்ல, அதை எடுத்துடறேன். உடைச்சதும் நீலம் பொங்கி எல்லாத்தையும் மூடணும். உடைக்காம திரும்பிப் போறவன்தான் ஜெயிச்சவன். ஒரு வரி மாத்தினா ஆச்சு. நீ வாசல்ல பாரு, வண்டி வந்தா ஒரு டீயைக் குடுத்து உக்கார வை.

— அப்பாகிட்ட நீயே சொல்லணும்டா. இத்தனை நாள் நாம நெனச்சதுக்கு...

— சொல்றேன். படிச்சே காட்டறேன்.

— என்ன, அக்காவும் தம்பியும் காலையிலேயே குருக்ஷேத்திரம்? குளியலறை வரைக்கும் கேக்குது.

— ஒண்ணுமில்லப்பா. தலையைத் தொவட்டிட்டு இப்படி உக்காருங்க. உத்தமன் கோட்டையைப் பாருங்க.

— ஓகோ, இதுதானா? ...அடேயப்பா.

— எப்படிப்பா இருக்கு?

— நம்ம கேட்டு மாதிரியில்ல இருக்கு! இவ்வளவு பெருசா போட்டுட்டியே. ஆனா எனக்கு அது எப்பவும் இவ்வளவு பெருசுதான். ஏம்பா, வெளிக்கேட்டுக் குழியைக் கூட விடல நீ. புறா எங்கே?

— புறா... மறந்துட்டேன்ப்பா. கேளுங்க, படிக்கறேன். "இக்கோட்டை எவரையும் தடுக்கக் கட்டப்பட்டதல்ல. இதன் கதவுக்குப் பின்னே ஒரு கடல் நிற்கிறது. ஏழு கப்பல்கள் அடைக்கலம் கேட்ட நாளில், திறந்தால் அவர்களே முதலில் மடிவார்கள் என்பது கதவுக்காரன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆகவே உலகத்தின் பழியை ஏற்று, சக்கரத்தை இறுகப் பற்றி, அசையாது நின்றான். அவனை எதிரி என்றவர்கள் அந்தக் கடலைக் கண்டதில்லை."

— பெரிய மனுஷனா போட்டுட்டே அவனை.

— பெரிய மனுஷர்தானேப்பா. நாங்கதான் தெரியாம... நானும் அக்காவும் இத்தனை வருஷம்...

— அது கிடக்கட்டும். அது கிடக்கட்டும்யா. நீங்க சின்னப் புள்ளைங்க. ஆமா, அவன் கை ஏன் செவப்பா இருக்கு?

— அது பழைய கலர்ப்பா. மாத்திடறேன். அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்தப்ப ரெண்டு கையிலயும் துணி சுத்தி, செவப்பா... அம்மா சோறு ஊட்டி விட்டாங்க. அது மனசுல இருந்துச்சு. ஜனங்க அடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்.

— யாரும் அடிக்கல.

— அப்பா, வாசல்ல ஆபீஸ் வண்டி ஹாரன். உத்தமா, சிடியைப் போடு. அந்தக் கையை மாத்திட்டுப் போடு.

— மாத்தாதே. அது ஒண்ணுதான் சரியா இருக்கு. தண்ணிக் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும்மா நீலா, உனக்கு முன்னாடியே தெரியும். ஆனா ஏழு பேரும் எம் பேரைச் சொல்லிக் கூப்பிடறப்ப கணக்கு எங்கம்மா நிக்குது? சக்கரத்தை சும்மா புடிச்சிட்டு நின்னா கை கிழியுமா உத்தமா? நான் திறக்கத்தான்யா சுத்தினேன், தண்ணி அமுக்கின கேட்டு அசையல. தோல் உரியற மட்டும் சுத்தினேன்.