இமைக்காதே அக்கா

எனக்குப் பொறுமை அதிகம். தையல்காரியான என் அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பவன் நான்தான்.

அவளுடைய வலக்கண்ணில் மாற்றுக் கருவிழி வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உடம்பு அதை ஏற்காவிட்டால் கருவிழியில் நீர் கோத்துக்கொள்ளும். கண்ணைத் தொடாமலே அந்த நீரை அளக்கும் கருவியை ஆறு வருடம் உழைத்துச் செய்தேன். டெராஹெர்ட்ஸ் அலையைக் கண்மேல் அனுப்பி, திரும்பி வருவதை வைத்து நீரின் அளவைச் சொல்லும்.

“இந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டியாடா?” என்று கேலி செய்தபடிதான் அக்கா சோதனைக்கு உட்கார்ந்தாள்.

அவள் இருபதாவது ஆள். முந்தைய பத்தொன்பது பேருக்கும் என் அளவு, கருவிழியின் தடிமனை அளக்கும் கண் டாக்டரின் பழைய கருவியோடு ஒத்துப்போயிருந்தது. அக்காவுக்குத் தடிமன் சரியாக இருந்தது. என் கருவியோ நீர் கூடியிருக்கிறது என்றது. ஒருவருடைய அளவு பிசகினாலும் என் கருவி மூலைக்குப் போய்விடும்.

கண்ணீர் அளவைக் கெடுக்கும் என்பதால் பத்து விநாடி இமைக்காமல் இருக்கச் சொல்வது வழக்கம். நான் மேசை விசிறியை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். மாற்றுக் கருவிழியில் உணர்ச்சி குறைவு, எரிச்சல் தெரியாது.

“இமைக்கட்டுமாடா?”

“கொஞ்சம் பொறுத்துக்கோ அக்கா.”

காய்ந்த கண்ணில் எண் இறங்கியது. எழுதிக்கொண்டேன். அடுத்த மாதமும் அப்படியே. டாக்டர் என் கருவியை நம்பி, தடிமன் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

மூன்றாம் முறை வந்தபோது, “காலையில எழுந்தா எல்லாம் புகையா இருக்கு. மத்தியானம்தான் தெளியுது” என்றாள். கருவிழியில் நீர் கோத்ததற்கு அதுதான் அறிகுறி. முதல் நாளிலிருந்தே கருவி சொன்னதுதான் சரி என்று அப்போது புரிந்தது. அதை நம்பாதவன் அதைச் செய்த நான் மட்டும்தான். வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் முந்தைய இரண்டு அளவும் எப்படி வந்தன என்று கேட்பார்கள். விசிறியைத் திருப்பினேன். ‘இயல்பு’ என்று எழுதினேன். அதைப் பார்த்து டாக்டர், உடம்பு மாற்றுக் கருவிழியை ஏற்பதற்காகப் போட்டுவந்த சொட்டு மருந்தைக் குறைத்தார்.

அந்தக் கண் போய்விட்டது. இப்போதும் நூல் கோத்துக் கொடுக்கிறேன். அவள் “நல்லா இருடா” என்று சொல்லி வாங்கும்போது, அந்த ஊசியாலேயே என்னைக் குத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

நேற்று விசாரணைக்கு வந்தவர்கள் அவளிடமும் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“என் தம்பிமேல பழி போடாதீங்க. அவன் என் கண்ணைத் தொடக்கூட இல்ல.”

உண்மைதானே என்று நானும் தலையாட்டினேன்.